கீழ்பென்னாத்தூர் ட்ராக்கில் கழன்ற என் டயர்

இரண்டு மாதங்களுக்கு முன்பு இதே வலைப்பூவில் ஒரு பதிவு போட்டிருந்தேன். ரிமோட் கார் பந்தயத்துக்காகக் கீழ்பென்னாத்தூர் போய் வந்த கதை. அன்றைய விபத்தில் என் நண்பன் நவாஸின் இடது கண் போனதையும் அதில் எழுதியிருந்தேன். "ட்ராக்கில் கிடந்த கல் பட்டு என் டயர் கழன்றது" என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அந்த வரி பொய். எழுதும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். அதை நவாஸிடம் நேரில் சொல்லிவிட்டு வரத்தான் போன புதன்கிழமை மறுபடி கிளம்பினேன்.

அடுத்த ரேஸ் எப்போது, எந்த டயர் எடுத்து வரலாம், எந்த பஸ் என்று கமென்டில் இருபது பேராவது கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். அவசரக்காரர்கள் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் காலை 6.10 வண்டி. கண்ணமங்கலம், போளூர் வழி திருவண்ணாமலைக்கு. எண்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் எழுபத்திரண்டு ரூபாய். இரண்டரை மணி நேரம் ஆகும். ஜன்னல் சீட் வேண்டுமென்றால் இடது பக்கம் உட்காராதீர்கள், போளூர் தாண்டும்வரை காலை வெயில் முகத்திலேயே அடிக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஒரே ஒரு சக்கரம். ரிம் தனி, டயர் தனி.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது குழந்தைகள் உருட்டும் பொம்மை இல்லை. நான் ஓட்டுவது மூன்றரை கிலோ எடையுள்ள கார். நேர்ப்பாதையில் அறுபது கிலோமீட்டர் வேகம் தாராளமாகப் போகும். மோட்டார், பேட்டரி என்று எதற்கு எவ்வளவு கொட்டினாலும் ஜெயிக்க வைப்பது டயர்தான். மண் ஈரமாக இருந்தால் ஒரு டயர், தூளாக இருந்தால் வேறு டயர், காய்ந்து இறுகிப் பளபளத்தால் இன்னொன்று. இறுகிய தரைக்குக் குட்டையான, நெருக்கமான முள் வேண்டும். தூள் மண்ணுக்கு உயரமான, இடைவெளி விட்ட முள். ரப்பரிலும் மெத்து, நடுத்தரம், கடினம் என்று மூன்று உண்டு. காலைக் குளிர்ச்சிக்கு மெத்து ஓடும், மதிய வெயிலில் அதே டயர் பத்து நிமிஷத்தில் மொட்டையாகிவிடும்.

கடையில் வாங்கியதும் அப்படியே மாட்டி ஓட்டவும் முடியாது. டயர் வேறு, ரிம் வேறு, உள்ளே வைக்கும் ஃபோம் வேறாக வரும். அச்சிலிருந்து எடுக்கும்போது பூசிய எண்ணெய் புது டயரில் ஒட்டிக்கொண்டிருக்கும். விளிம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்து, ரிம்மில் உட்கார வைத்து, விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிறகு ரப்பர் பேண்டு போட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். நான் பதினோரு வருஷமாக இதைச் செய்கிறேன். புதிதாக வருகிற பையன்களுக்கு இதைப் பற்றி வகுப்பு எடுத்துக் கழுத்தை அறுப்பவனும் நான்தான்.

விபத்து நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. நவாஸ் முன்கூட்டியே போனில் எச்சரித்திருந்தான், பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திடுவாங்க, தேதியை மாத்திக்கலாமா என்று. நான்தான் விடவில்லை, எனக்கு அடுத்த வாரம் வேலை இருந்தது. அவன் சொன்ன மாதிரியே நடந்தது. தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நடந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பிராக்டிஸ் முடிந்திருந்தது.

அங்கே வழக்கமாகக் காலையில் டேங்கர் வந்து ட்ராக்குக்குத் தண்ணீர் அடிக்கும். அந்தச் செம்மண் நனைந்து வெயிலில் காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அதை நம்பித்தான் குட்டை முள் டயர்களை வீட்டிலேயே பக்குவமாக ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். பௌர்ணமியன்று டேங்கர்களெல்லாம் கிரிவலப் பாதைக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டன. ட்ராக்கில் கணுக்கால் அளவு தூள். முதல் சுற்றிலேயே என் கார் எண்ணெய்த் தரையில் விட்ட மாதிரி வழுக்கியது. கடைசி இடம்.

பையில் உயர முள் டயர் ஒரு ஜோடி இருந்தது, பிரிக்காத பாக்கெட்டில். அடுத்த சுற்றுக்கு முப்பத்தைந்து நிமிஷம். கழுவவில்லை. சட்டையில் துடைத்தேன். என் விரல்களில் டயரை இளக வைக்கத் தடவும் எண்ணெய் வேறு இருந்தது. ஒட்டி முடித்துக் கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். வலது முன் டயரில் ஒரு விரல் நீளத்துக்கு வாய் திறந்தது. இன்னும் இரண்டு சொட்டு விட்டேன், ஊதினேன், மாட்டினேன். எதைச் செய்யக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேனோ அதையே செய்தேன். கடைசியாக வந்துவிட்டோமே என்ற எரிச்சல், வேறொன்றும் இல்லை.

எங்கள் விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சுற்றில் ஓட்டியவர்கள் அடுத்த சுற்றுக்கு மார்ஷலாக நிற்க வேண்டும். வளைவுக்கு ஒருவராக நின்று, கவிழும் கார்களைத் தூக்கி நிமிர்த்திவிட வேண்டும். நவாஸ் முந்தைய சுற்றில் ஓட்டியிருந்தான். அதனால் நேர்ப்பாதையின் கடைசி வளைவில் நின்றான். ஒரு கார் கவிழ்ந்தது. குனிந்து உட்கார்ந்து அதை எடுக்கப் போனான். அந்த நேரத்தில் என் கார் முழு வேகத்தில் வர, வலது முன் டயர் கழன்று பறந்தது. கார் ட்ராக்கின் ஓரமாகப் பதித்திருந்த பைப்பில் ஏறி எகிறி நேராக அவன் முகத்தில் போய் அடித்தது.

ரத்தத்தைத் துணியால் பொத்திக்கொண்டு திருவண்ணாமலைக்கு ஓடினோம். இருபது கிலோமீட்டர்தான், கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் ஆனது. அங்கிருந்து வெளியூர்க் கண் ஆஸ்பத்திரிக்கு. மூன்றாவது நாள், பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு நடுவில் யாரோ, "கல்லு பட்டுருக்கும்" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அந்த வாரமே அதை எழுதியும் வைத்தேன். போதாததற்கு, "போகிறவர்கள் ட்ராக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள்" என்று புத்திமதி வேறு. அந்த ட்ராக்கைச் சுத்தமாகப் பார்த்துக்கொண்டவன் நவாஸ், கல் கிடந்தால் பழி அவன்மேல்தான். கமென்டில் நீங்கள் அவனை என்னென்ன சொன்னீர்கள் என்று நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை.

8.45க்குத் திருவண்ணாமலையில் இறங்கினேன். சாதாரண நாள், ஊர் அமைதியாக இருந்தது. நவாஸின் கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோ அறுபது ரூபாய் கேட்டார், ஐம்பதுக்கு வந்தார். பைக், ஆட்டோக்களுக்கு சீட் தைக்கும் கடை. மெஷினில் அவன் மனைவி ரெஹானா உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் அவள் கணக்கு வழக்கோடு சரி, தைப்பது அவன்தான். ஊசிக்கும் துணிக்கும் நடுவிலுள்ள தூரம் ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லையாம், இரண்டு முறை விரலைத் தைத்துக்கொண்டானாம். அதனால் இப்போது அவன் வெட்டித் தருகிறான், இவள் தைக்கிறாள்.

எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே இருந்தேன் என்று என்மேல் அவளுக்கு மரியாதை. நவாஸ் எங்கே என்று கேட்டேன்.

"எங்க போவாரு, அந்த ட்ராக்கு நெலத்துக்குத்தான் போயிருக்காரு. வாரத்துல மூணு நாளு அங்கதான். எங்க அண்ணனுங்கல்லாம் கேக்குறாங்க, கல்லு பொறுக்கத் தெரியாதவரு எதுக்கு ரேஸு வுடணும்னு. நா என்னண்ணே பதில் சொல்றது?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

கீழ்பென்னாத்தூருக்குத் திண்டிவனம் சாலை பஸ், இருபது ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து நிலத்துக்கு நான்கு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ கிடையாது, தனி ஆட்டோவுக்கு நூற்றிருபது. ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், நிலத்துப் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கண்ணு போன பாய் இருக்காரே, அவர பாக்கவா? நெலத்துக்காரரு ரேஸே வேணாம்னு டிராக்டர் வுட்டு ஓட்டிட்டாருங்க. எதோ இன்டர்நெட்டுல போட்டுட்டாங்களாம், கல்லு ட்ராக்குனு. நாளைக்கு கேஸு கீஸுனு வந்தா யாரு அலையறதுன்னாரு."

இன்டர்நெட்டில் போட்டவன் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. மீதி வழியெல்லாம் கடலைப் பயிரையே பார்த்துக்கொண்டு போனேன்.

ட்ராக் இருந்த இடத்தில் இப்போது உழவுக்கட்டிதான். மேடு, வளைவு, ஓரப் பைப்பு ஒன்றும் இல்லை. கடைசி வளைவு இருந்த மூலை மட்டும், ஒரு பத்தடிக்குப் பத்தடி, உழாமல் விட்டிருந்தது. அதன் நடுவில் நவாஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் சல்லடை. மண்வெட்டியால் மண்ணை அள்ளிப் போட்டு, சலித்து, தங்கியதைத் தரையில் கொட்டி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வேப்பமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கற்குவியல். அது எனக்குத் தெரிந்ததுதான். இரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனும் இன்னும் இரண்டு பேரும் மண்டியிட்டு அந்த ட்ராக்கில் கல் பொறுக்குவார்கள். பட்டாணி அளவு கல்லைக்கூட விடமாட்டான். நான் கிண்டல் செய்திருக்கிறேன், அரிசியா பொறுக்குற என்று.

என்னைப் பார்த்ததும் எழுந்தான். "வாங்கண்ணே" என்று கை நீட்டினான். கை எனக்குக் கொஞ்சம் இடப்புறம் போனது, நான்தான் எட்டிப் பிடித்தேன். இந்த வெயிலில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"அந்தக் கல்லத் தேடுறேண்ணே. நெலத்துக்காரர்கிட்ட கெஞ்சி இந்த மூலைய மட்டும் வுடச் சொன்னேன். மொதநாளு சாயந்திரம் கூட இங்க நானே கையால தடவிப் பாத்தேன். எப்படி வுட்டேன்னுதான் புரியல. எம்மாம் பெரிய கல்லா இருந்தா டயரு கழலும்? அது எங்கதான் போச்சு?"

இரண்டு மாதமாக. வாரத்துக்கு மூன்று நாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது என்று வேலூரிலிருந்து யோசித்து வந்த வசனமெல்லாம் போய்விட்டது. பையைத் திறந்து ரிம்மையும் டயரையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கல் இல்லை நவாஸ், என் டயர்தான், என்றேன்.

அவன் டயரை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான், பிறகு தள்ளிப் பிடித்தான், மறுபடி கிட்டே கொண்டுவந்தான். பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவினான். எங்கும் கிழிசல் இல்லை. கல் பட்டிருந்தால் ரப்பர் கிழிந்திருக்கும், ரிம் உடைந்திருக்கும், இது அவனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ரிம்மில் பாதிக்குமேல் க்ளூ பிடித்த தடமே இல்லாமல் வழவழவென்று இருந்தது. விரல் அங்கே வந்ததும் நின்றது.

"கழுவலையா?"

"கழுவல."

"தண்ணி இல்லியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். டேங்கர் வராத நாள், யாரும் நம்புவார்கள். "ஒரு லிட்டர் பாட்டில் இருந்துச்சு. வெயிலுக்கு வேணும்னு வச்சிருந்தேன். குடிச்சிட்டேன்" என்றேன். விளிம்பு வாய் திறந்ததைப் பார்த்ததையும், பார்த்துவிட்டும் ஓட்டியதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவன் கத்தவில்லை. சல்லடையில் பாதி மண் மிச்சமிருந்தது. அதை மெதுவாகக் கவிழ்த்தான். சல்லடையை மரத்தில் தட்டிச் சுத்தம் செய்தான். நான் அழுதேன், அது அவனுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

"கடைக்கு வந்து ரெஹானாகிட்ட நீங்களே சொல்லுங்க சார்" என்றான்.

மூன்று வருஷமாக அண்ணே. இப்போது சார். சரி என்றேன்.

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் வந்தோம், வேறு வேறு சீட்டில். டயரை அவனே வைத்துக்கொண்டான். கடையில் ரெஹானாவிடம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், ஆஸ்பத்திரியில் கூட இருந்த மூன்று நாளும் இது உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். அவள் குனிந்து தையலைத் தொடர்ந்தாள். அதற்குப் பிறகு நான் அங்கே இருக்கும்வரை நிமிரவில்லை.

செருப்பைப் போடும்போது நவாஸ் வாசல்வரை வந்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டான்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். அந்தப் பழைய பதிவ அழிச்சிடாதீங்க. அது இருக்கட்டும். அதுக்கு மேல இத எழுதுங்க. நா கல்லு பொறுக்குனேன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். பழைய பதிவு அப்படியே இருக்கிறது, அதன் தலைப்பிலேயே இந்தப் பதிவுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன். கமென்டில் அவனைத் திட்டியவர்கள் போய் என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். திட்ட வேண்டுமென்றால் இங்கே திட்டலாம், நான் எதையும் நீக்கமாட்டேன்.

இனி கேட்டவர்களுக்குப் பதில். கீழ்பென்னாத்தூரில் இனி ரேஸ் கிடையாது, வழி கேட்டுக்கொண்டு போகாதீர்கள், அது இப்போது கடலை போட உழுத நிலம். திருவண்ணாமலைப் பக்கம் வேறு வேலையாகப் போகிறவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். வேறு ஊரில் ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை டயரையும் வீட்டிலேயே முந்தைய நாளே ஒட்டி எடுத்துப் போங்கள், மண் எப்படி இருக்குமென்று ஊகித்து ஒன்றோடு போகாதீர்கள். புது டயரின் விளிம்பையும் ரிம்மையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நான் கழுவவில்லை. கையில் எண்ணெயோடு க்ளூவைத் தொடாதீர்கள், நான் தொட்டேன். ஒட்டியபின் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்துங்கள், ஒரு நகத்தளவு வாய் திறந்தாலும் அந்தச் சுற்றை விட்டுவிட்டு உட்காருங்கள், கடைசி இடம் வந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. மார்ஷலாக நிற்பவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ட்ராக்கில் இறங்காதீர்கள். நடத்துகிறவர்கள் கண்ணாடி இல்லாதவரை இறங்க விடாதீர்கள். இன்னும் ஒன்று. அந்த ட்ராக்கில் கல் இல்லை. நவாஸ் பொறுக்கியிருந்தான்.